மகனை ஏற்றிவர ஒரு லைசன்ஸ்

புலம்பெயர்ந்து வந்து, ஸ்காபரோவில் கார் ஓட்டப் பழக்கித்தான் பிழைக்கிறேன். பொறுமைசாலி என்று என்னை யாரும் சொன்னதில்லை. என் பக்கத்திலும் ஒரு பிரேக் இருப்பதால்தான் இத்தனை வருடம் உயிரோடு இருக்கிறேன் என்று பழக வருகிறவர்களிடம் சொல்வேன். அவர்கள் சிரிப்பார்கள். நான் பகிடிக்குச் சொல்வதில்லை.

அந்தப் பாலஸ்தீனப் பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். முதியோர் இல்லமொன்றில் சமையல் வேலை. என்னை ‘உஸ்தாத்’ என்று கூப்பிடுவார். மாஸ்டர் என்று அர்த்தமாம். நாங்கள் பேசியது ஆங்கிலம். அவருடையதும் அரைகுறை, என்னுடையதும் அரைகுறை. ஆனால் என் காதில் அது எங்கள் ஊர்த் தமிழாகவே விழுந்தது. அப்படியே எழுதுகிறேன்.

ஏன் இந்த வயதில் பழகுகிறீர்கள் என்று முதல் நாளே கேட்டேன்.

“மகனை எயார்போட்டில இருந்து நானே ஏத்திக்கொண்டு வரவேணும்.”

“எப்ப வாறார்?”

“தெரியாது. ஆமிக்காரர் பிடிச்சு மறியல்ல அடைச்சு வச்சிருக்கிறாங்கள்.”

மகனுக்குப் பதினாறு வயது. மேற்குக் கரையில் தாய்மாமன் வீட்டில் இருந்தான். இவர் முதலில் தனியாக இங்கே வந்து, அவனையும் கூப்பிட விண்ணப்பம் போட்டிருந்தார். அது சரிவருவதற்கு முன், ஒரு நாள் விடியற்காலையில் இஸ்ரேலிய ராணுவம் வீட்டுக்குள் புகுந்து, அவனுக்குக் கண்ணைக் கட்டி, ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. கல் எறிந்தான் என்று குற்றச்சாட்டு. விசாரணை ராணுவ நீதிமன்றத்தில். தவணைக்கு மேல் தவணை.

“ஆர் ஓட்டுறாங்கள், எங்க போறாங்கள் எண்டு தெரியாமக் கொண்டுபோனவங்கள். இஞ்ச வந்து இறங்கினா, அவன் ஏறுற காரை நான்தான் ஓட்டுவன்,” என்றார்.

அதற்குப் பிறகு அவர் மேல் கத்த எனக்கு மனம் வரவில்லை என்று எழுத ஆசைதான். கத்தினேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவேயில்லை. சொல்லிக்கொடுத்ததை மட்டும் எடுத்துக்கொண்டு, சத்தத்தை என்னிடமே விட்டுவிட்டார்.

ஒரு நாள் பழகிக்கொண்டிருக்கும்போது கைப்பைக்குள் தொலைபேசி அடித்தது. மகனின் வக்கீல் என்று அந்த மணியிலேயே அவருக்குத் தெரியும். வேறு யாராக இருந்தாலும் ஸ்டியரிங்கை விட்டிருப்பார்கள். இவர் சிக்னல் போட்டு, கண்ணாடி பார்த்து, ஓரமாக ஒழுங்காக நிறுத்திய பிறகுதான் தொலைபேசியை எடுத்தார். பேசி முடித்துவிட்டு என்னிடம் சொன்னார்.

“ஹீப்ருவில எழுதின கடதாசி ஒண்டைக் குடுத்துக் கையெழுத்து வை எண்டவங்களாம். வாசிக்கத் தெரியாததில வைக்க மாட்டன் எண்டு சொல்லிப்போட்டானாம்.”

கண்ணைத் துடைத்துவிட்டு, தோளுக்கு மேலால் பார்த்து, மறுபடி வீதியில் ஏறினார்.

பதினேழு வயதில், யாழ்ப்பாணத்தில், சுற்றிவளைப்பில் பிடிபட்டு ராணுவ முகாமில் இருந்தவன் நான். எனக்கும் ஒரு கடதாசி நீட்டினார்கள். சிங்களத்தில் இருந்தது. இரண்டாம் நாளே கையெழுத்து வைத்தேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்த அடிக்கு யார்தான் வைக்கமாட்டார்கள் என்று மனைவி சொல்வாள். அவள் சொல்வது சரிதான். ஆனாலும் முகமே தெரியாத அந்தப் பிள்ளை மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது.

லைசன்ஸ் சோதனை நாளில் எனக்குத் துளியும் பயம் இருக்கவில்லை. அவ்வளவு சுத்தமாக ஓட்டினார். ஆனால் பத்தே நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டார்கள். சோதிக்க வந்த அதிகாரி குழம்பிப்போய் நின்றார். வேகம் பார்க்கிற பொலிஸ்காரர் ஒருவர் வீதியோரம் நின்றாராம். மறிக்கவில்லை, இந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. இவரோ நடுவீதியில் காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கண்ணாடியை இறக்கி, அடையாள அட்டையை நீட்டிப் பிடித்துக்கொண்டு இருந்தாராம். பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹோர்ன் அடித்துத் தள்ளியிருக்கிறார்கள். பெயில்.

நன்றாக ஏசிக் கிழிக்க வேண்டும் என்றுதான் காரில் ஏறினேன்.

“பொலிஸ் நிண்டது, உஸ்தாத். நிப்பாட்டாமப் போனாச் சுடுவாங்களே,” என்றார்.

இங்கே சுட மாட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தவன், சட்டைப் பையிலிருந்து என் லைசன்ஸை எடுத்துக் காட்டினேன். எல்லோரும் அதைப் பேர்சில் வைப்பார்கள். நான் சட்டைப் பையில்தான் வைப்பேன். ஊரில், ராணுவச் சோதனைச் சாவடியான சென்றியில் சைக்கிளை விட்டு இறங்கி அடையாள அட்டையைத் தூக்கிப் பிடித்து நடந்த காலத்துப் பழக்கம் என்று அவருக்கும் சொன்னேன். “உங்களை இஞ்ச ஆர் மறிக்கப் போறான்?” என்று மனைவி இன்றைக்கும் நக்கலடிப்பாள்.

அவர் லைசன்ஸைப் பார்த்தார், பையைப் பார்த்தார், பிறகு சிரித்தார். “அப்ப பிழை பழக்கின ஆளிலதான்,” என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வகுப்பிலும் பொலிஸ் நிலையத்துக்கு முன்னால் போவதும் வருவதுமாக இருந்தோம். நெடுஞ்சாலை ஓரத்தில் பொலிஸ் கார் விளக்கைப் போட்டபடி நின்றால் வேகத்தைக் குறைத்து பக்கத்து லேனுக்கு விலத்திப் போகவேண்டும், அதுதான் இங்கத்தைய சட்டம் என்று சொல்லிக்கொடுத்தேன். “நிப்பாட்டக் கூடாது. விலத்திக்கொண்டு போகவேணும்,” என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். ஒரு நாளும் போதும் என்று சொன்னதில்லை. இரண்டாம் முறை பாஸ்.

எட்டு மாதம் மறியலில் இருந்த பிறகு மகனை விட்டார்கள். விசா கிடைத்து, அவன் ஜோர்தான் வழியாக வந்து சேர இன்னும் கொஞ்சக் காலம் எடுத்தது. எயார்போட்டுக்குப் போகிற நாளில், நெடுஞ்சாலைக்குத் துணையாக வாருங்கள் என்று என்னைக் கேட்டார். அவர் வாங்கியிருந்தது பழைய சின்னக் கார். என் பக்கத்தில் பிரேக் இல்லை.

பையன் தாயை விட ஒரு முழம் உயரம், சரியான மெலிவு. தாய் அவன் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு கனநேரம் நின்றார். பிறகு அவன் என் கையைப் பிடித்து “உஸ்தாத்” என்றான். அந்தக் கடதாசியைப் பற்றி அவனிடம் ஏதோ சொல்ல நினைத்திருந்தேன். கையை மட்டும் இறுக்கிப் பிடித்தேன்.

401 நெடுஞ்சாலையில் வந்துகொண்டிருந்தோம். நல்ல வெயில். முன்னால், வலது ஓரத்தில், பொலிஸ் கார் ஒன்று விளக்குச் சுழல நின்றது.

பின்னால் திரும்பிப் பார்த்தேன். பையன் இரண்டு கைகளையும் தாயின் சீட்டுக்கு மேல், வெறுங்கை என்று வெளியே தெரியும்படி விரல்களை விரித்து வைத்திருந்தான். என் கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. கை சட்டைப் பைக்குள் போய்விட்டது. அவர் கண்ணாடி பார்த்தார், தோளுக்கு மேலால் பார்த்தார், சிக்னல் போட்டார். வேகத்தைக் குறைத்து ஒரு லேன் விலத்தினார். பொலிஸ் காரைக் கடந்து போனோம்.

மகனிடம் அரபில் ஏதோ மெதுவாகச் சொன்னார். அவன் கைகள் இறங்கின. என் கை லைசன்ஸைப் பிடித்தபடி அங்கேயே இருந்தது.

“உஸ்தாத்,” என்றார், வீதியிலிருந்து கண்ணை எடுக்காமலே. “அவர் எங்களை மறிக்கேல்லை.”