கேமரா தலையாட்டாது

பாடம் நடத்துகிற தொழிலில் சம்பளத்துக்கு அடுத்தபடி நமக்குக் கிடைப்பது எதிரே இருப்பவர்களின் தலையாட்டல்தான். அதையும் பிடுங்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பது என்னைப்போல் அவதிப்பட்டவர்களுக்குத் தெரியும்.

மூன்று தடவை

செயற்கைக்கோள் வகுப்பு வந்த புதிது. விருதுநகரில் ஓர் அறைக்குள் நின்று நான் பொருளாதாரம் நடத்துவேன். சாத்தூரிலும் தாயில்பட்டியிலும் பட்டாசுக் கம்பெனிகளில் வேலை செய்துகொண்டே அஞ்சல்வழியில் படிப்பவர்கள், ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் என்னைப் பார்ப்பார்கள். அங்கிருந்து எனக்கு ஒரு சத்தமும் வராது.

முகத்தைப் பார்த்துத்தான் எனக்கு நடத்தவே வரும். இங்கே முகமே இல்லை. "புரியுதா?" என்று கேட்டேன், காத்திருந்தேன். பதில் இல்லாததால் தேவை விதியை மறுபடி சொன்னேன். அதற்கும் பதில் இல்லை. மூன்றாவது தடவை முடித்ததும் கேமராமேன் முருகேசன் சொன்னார்: "எனக்கு மொதத் தடவையே புரிஞ்சிருச்சு சார். நீங்க யாருக்குச் சொல்லிக்கிட்டு இருக்கீக?"

காலண்டர் குழந்தை

பார்த்துப் பேச ஒரு முகம் வேண்டும் என்று முருகேசனிடம் கெஞ்சினேன். கேமராவுக்குக் கீழே ஒரு காலண்டரை ஒட்டிவைத்தார். அதில் ஒரு குழந்தை சிரித்தது. நான் சரியாகச் சொன்னாலும் சிரித்தது, உளறினாலும் சிரித்தது. இரண்டே வாரத்தில் என்னைத்தான் கேலி செய்கிறது என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது. வேறு படம் மாட்டச் சொன்னேன். "சிரிக்காத படம் சிவகாசியில அடிக்கவே மாட்டாக சார்."

டாக்டர்

தூக்கம் போனது. சாப்பிடும்போது மனைவியிடமும் "புரியுதா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். அவள்தான் டாக்டரிடம் அனுப்பினாள். நான் பேசப் பேச அவர் தலையாட்டினார். அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு மனிதர் தலையாட்டி எத்தனை நாளாயிற்று! அரைமணி நேரம் விடாமல் பேசினேன். கடைசியில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு நல்லாப் புரிஞ்சிருச்சு சார். வெளிய பதினாலு பேரு உக்காந்திருக்காக."

தாயில்பட்டி

இந்த வேலையே வேண்டாம் என்று கடிதம் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். கொடுப்பதற்கு முன்னால், அந்தப் பக்கம் உண்மையிலேயே ஆள் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தாயில்பட்டி மையத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அன்றைக்கு என் பழைய பதிவைத்தான் போட்டார்கள். டி.வி.யில் நான் "புரியுதா?" என்று கேட்டு விழித்துக்கொண்டு நின்றேன். உடனே அத்தனை பேரும் ஒரே குரலில் "புரியுது சார்" என்றார்கள். முன்வரிசையில் ஒரு பெண் மட்டும் எழுந்து, "புரியலை சார், திருப்பிச் சொல்லுங்க" என்றாள். டி.வி.யில் நான் நெற்றியைத் துடைத்துக்கொண்டு திருப்பிச் சொன்னேன். அவள் திருப்தியாக உட்கார்ந்து எழுதிக்கொண்டாள்.

வகுப்பு முடிந்ததும் அவளிடம் போய், நீங்கள் பேசுவது எதுவும் எனக்குக் கேட்காதே அம்மா என்றேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "கேக்காமயா சார், நான் புரியலைன்னதும் திருப்பிச் சொன்னீக?"

கடிதத்தை அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டேன். ஆனால் அத்தனை நாளும் எங்களில் யார் யாருக்குப் பாடம் நடத்தினோம் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை, யாராவது திருப்பிச் சொன்னால் தேவலை.