பத்து ரூபாய்க் கிட்டார்காரர்

அன்றைக்கு மாங்காய் ஷெட்டில் இருந்தவர்கள் நான்கு பேர்: மாந்தோப்புத் தரகர், மளிகைக்கடை பாய், லாரி கிளீனர், நான். வராதவர் தையல்காரர். அவர் காலையிலேயே பாலக்காட்டுக்கு பஸ் ஏறிவிட்டார். அவர் கொண்டுவரப்போகும் சேதிக்காகத்தான் காத்திருந்தோம். ஆனால் சும்மா காத்திருக்கிற பழக்கம் எங்கள் நால்வரில் யாருக்கும் கிடையாது. அதனால் அவர் வருவதற்குள் குற்றவாளியை நாங்களே கண்டுபிடித்துவிடுவது என்று முடிவு செய்தோம்.

நடந்தது இதுதான். பாலக்காட்டில் நான்கு வாலிபர்கள் சேர்ந்து நடத்திவந்த பீட் குரூப், அதாவது கிட்டாரும் டிரம்மும் வைத்துப் பாடுகிற இங்கிலீஷ் பாணிக் கோஷ்டி, உடைந்துவிட்டது. முதல் நாள் பஸ் கண்டக்டர் மீதிச் சில்லறையோடு சேர்த்து இந்தச் சேதியையும் பாயிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஏன் உடைந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை என்று மட்டும் சொன்னார்.

அந்த குரூப்பை நாங்கள் முதலில் பார்த்தது ஒலவக்கோட்டு ரயில்வே காலனியில், ஏதோ ஆண்டு விழாவில். பாய் கடைக்குச் சரக்கு எடுக்கப் போன லாரியில் ஐந்து பேரும் போயிருந்தோம். அதுவரை எங்கள் காதில் விழுந்த பாட்டெல்லாம் தபேலாவும் ஆர்மோனியமும் வைத்தவை. அன்று ஒருத்தர் மின்சாரக் கிட்டாரை ஒரு இழு இழுத்தார். கிளீனர் காதைப் பொத்திக்கொண்டார், அப்புறம் மெல்லக் கையை எடுத்தார், அதற்கப்புறம் பொத்தவே இல்லை. ஊர் திரும்பும்போது லாரிக்குள் மூன்று கட்சி உருவாகிவிட்டது. தரகர் பாட்டுக்காரர் கட்சி. பாய் கிட்டார்காரர் கட்சி. கிளீனர் டிரம் கட்சி. எனக்கு நால்வரும் ஒன்றுதான் என்று நான் சொல்லிக்கொண்டேன், ஆனால் கண்ணாடி முன்னால் நின்று நான் பிடித்துப் பார்த்தது கிட்டாரைத்தான். தையல்காரருக்குக் கட்சி இல்லை. அவர்களுடைய பெல்பாட்டத்தின் கீழ்ச்சுற்று இருபத்தாறு அங்குலமாவது இருக்கும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

அன்று மேடையில் நான்காவதாகவும் ஒருத்தர் நின்றிருந்தார். நாலே கம்பி வைத்த தடித்த கிட்டார் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, பெரிய ஒலிபெருக்கிப் பெட்டியோடு ஒட்டி நின்றார். அவர் என்ன வாசிக்கிறார் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கவில்லை. பெட்டிக்குக் காவல் நிற்கிறார் என்றுகூட கிளீனர் நினைத்தார்.

இவர்களை எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பிக்கு, திருவிழா மேடைக்குக் கூட்டிவர வேண்டும் என்று தை மாதமே கிளம்பிவிட்டோம். நோம்பிக் கமிட்டியில் எங்களை நம்புகிறவர்கள் இல்லை. என் அப்பாதான் எழுந்து நின்றார். அவர் தோப்புக் குத்தகை எடுக்கிறவர், பெயரைக்கூட எழுதத் தெரியாது, பத்திரத்தில் கைநாட்டுத்தான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் நான். அப்பா கமிட்டியில் சொன்னது: "அச்சாரத்தை நான் போடறனுங்க. எல்லாமே எழுத்துல நடக்கும். என்ற பையன் எழுதினாத் தப்பு வராது." அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை, தன் தோள் துண்டைப் பார்த்துக்கொண்டார். குரூப் வந்து வாசித்த பிறகு கமிட்டி அந்தப் பணத்தை அப்பாவுக்குத் திருப்பிக் கொடுத்துவிடும் என்று பேச்சு. அப்பா நூற்றைம்பது ரூபாயை என் கையில் வைத்தார்.

கொடுக்கும் முறையையும் சொல்லிக் கொடுத்தார். அண்ணன் தம்பி நான்கு பேருக்குப் பங்கு இருக்கிற தோப்பை, மரம் பூவில் இருக்கும்போதே குத்தகை பேசினால், அச்சாரத்தை மூத்தவன் கையில் மொத்தமாகக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால், காய் இறக்கும் அன்று இளையவன் மரத்தடியில் கோலோடு நிற்பான், எனக்கென்ன கொடுத்தாய் என்று. அதனால் தனித்தனியாக, அவரவர் பங்கில் இருக்கிற மரத்துக்கும் காய்ப்புக்கும் தக்கபடி, அவரவர் கையில் கொடுக்க வேண்டும். வாங்கினதற்கு அடையாளமும் வேண்டும்.

எனக்கு இது மிக நியாயமாகப் பட்டது. ஜனநாயகமாகவும் பட்டது. இதே ஷெட்டில் உட்கார்ந்து, யாருக்கு எவ்வளவு காய்ப்பு என்று நாங்கள் ஒரு பகல் முழுக்க வாதாடினோம். பாய் பிடித்த பிடியில் கிட்டாருக்கு அறுபது. தரகர் முறைத்த முறைப்பில் பாட்டுக்கு ஐம்பது. கிளீனர் கெஞ்சி டிரம்முக்கு முப்பது வாங்கினார். மிச்சம் பத்து இருந்தது, மிச்சம் ஒரு ஆளும் இருந்தார். கணக்கு அழகாகச் சரியாகிவிட்டது.

நான்கு மணியார்டர் அனுப்பினேன், நான்கும் ஒரே விலாசத்துக்கு, அவர்கள் ஒன்றுகூடி வாசிக்கும் வீட்டுக்கு. சேதி எழுதும் சீட்டில் இருந்த இடத்துக்குள் குண்டு குண்டாக எழுதினேன்: நால்வரில் தங்கள் பங்குக்கு இவ்வளவு, பெற்றுக்கொண்டு ஒத்துழைக்கவும். கையெழுத்தோடு நான்கு ஒப்புதல் சீட்டும் திரும்பி வந்தபோது அப்பா அவற்றை வாங்கி, தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, பீரோவில் நிலப் பத்திரத்துக்கு மேல் வைத்தார். நோட்டீஸும் அடித்தாகிவிட்டது.

இப்போது குரூப் இல்லை.

ஷெட்டில் பங்கனபள்ளி தரம் பிரித்துக்கொண்டே விசாரணை நடந்தது. தரகர் கிட்டார்காரர் மேல் பழி போட்டார். அந்தத் தலைமுடிக்கே அவரை உள்ளே வைக்கலாம் என்றார். மெட்ராஸில் சினிமாவுக்கு வாசிக்கப் போகும் ஆசை வந்திருக்கும், அந்த ஆசை வந்தவன் கூட்டத்தோடு ஒட்டமாட்டான் என்பது அவர் வாதம். பாய் ஒரு மாங்காயைத் தட்டிப் பார்த்தபடி, பாட்டுக்காரருக்குப் பெண் நிச்சயமாகியிருப்பது தெரியுமா என்று கேட்டார். அந்தப் பெண் ஒரு நாள் ஒத்திகை பார்க்க வந்து, நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததாம். தையல்காரர் அந்த பெல்பாட்டத்தை அளவெடுக்கப் போனபோது பார்த்தாராம்.

"நாற்காலியில உக்காந்தாக் குரூப்பு உடைஞ்சிருமா பாய்?" என்றார் தரகர்.

"முன்னால உக்காந்துச்சாம்ங்க. பின்னால உக்காந்திருந்தாப் பரவாயில்லை."

கிளீனருக்கு இரண்டு பேருமே குற்றவாளிகள். நடுவில் உட்கார்ந்து அடிக்கிற டிரம்காரர்தான் பாவம், இரண்டு பக்கமும் பார்க்க வேண்டியிருக்கிறது என்றார். லாரியில் டிரைவருக்கும் ஓனருக்கும் நடுவில் உட்காருகிறவர் அவர், அதனால் அந்த வேதனை அவருக்கு நன்றாகத் தெரியும். நான் ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டு, சாட்சியங்களைக் குறித்துக்கொண்டிருந்தேன். கிட்டார் கட்டம் நிரம்பியது. பாட்டுக் கட்டம் நிரம்பி ஓரத்தில் ஏறியது. டிரம் கட்டத்தில் இரண்டு வரி. நான்காவது கட்டம் காலியாகவே இருந்தது. நடுநிலை தவறக் கூடாது என்று, அவர் மேல் ஏதாவது உண்டா என்று கேட்டேன்.

"அவரா?" என்றார் தரகர். "அவர் இருந்தாத்தானுங்க உடைக்கிறதுக்கு."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

மூன்றரை மணி பஸ்ஸில் தையல்காரர் வந்தார். வந்தவர் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு இன்னொரு சொம்பு கேட்டார். யார்தான் காரணம் என்று மூன்று பேரும் ஒன்றாகக் கேட்டதும், சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். குண்டு குண்டான என் எழுத்து. அதோடு சேர்த்துக் குண்டூசி குத்திய பத்து ரூபாய் நோட்டு.

தையல்காரர் சொன்னதை வரிசையாகச் சொல்கிறேன். அந்த வீடு நாலு கம்பிக்காரருடையது. ஒலிபெருக்கிப் பெட்டி அவருடையது. கிட்டார்காரர் கையிலிருந்த கிட்டாரும் அவர் தவணையில் வாங்கிக் கொடுத்தது. மின்சாரச் சாமான் கடையில் வேலை பார்த்துச் சம்பாதித்ததையெல்லாம் அதில் போட்டு, குரூப்பை ஆரம்பித்ததே அவர்தான். தபால்காரர் வந்த அன்று நான்கு பேரும் ஒத்திகையில் இருந்தார்கள். அவர் வாசலில் நின்று ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு, தொகையைச் சத்தமாகச் சொல்லி, எண்ணிக் கொடுத்திருக்கிறார். அறுபது. ஐம்பது. முப்பது. அப்புறம் பத்து. கிட்டார்காரர் சிரித்துவிட்டு, "ஊர்க்காராளுக்கே தெரிஞ்சிருக்கு" என்றாராம். பாட்டுக்காரர், உன்னைவிடப் பத்து ரூபாய்க்கு நான் எதில் குறைந்தேன் என்று அவரைக் கேட்டாராம். டிரம்காரர், நானில்லாமல் வாசித்துப் பாருங்கள் என்று குச்சிகளைக் கீழே போட்டாராம். நாலு கம்பிக்காரர் பத்து ரூபாயை வாங்கிக்கொண்டார். கையெழுத்துப் போட்டார். எல்லோரும் போன பிறகு பெட்டியின் வயரைப் பிடுங்கிச் சுற்றி வைத்துவிட்டார்.



முதலில் தரகர்தான் பேசினார். "பத்துன்னு சொன்னது நானில்லீங்க."

"நீங்க அஞ்சுதான் சொன்னீங்க," என்றார் கிளீனர். "பத்தா ஏத்துனது நானு."

மறுபடியும் விவாதம் தொடங்கியது, இந்தத் தடவை குற்றவாளிக் கூண்டில் நாங்களே நின்றோம். தபால்காரர் மெதுவாகச் சொல்லியிருக்கலாம் என்றார் பாய். நான் அந்த நாலு கட்டத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவதாக ஒரு கட்டம் போட நான் நினைக்கவே இல்லை. எனக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான்: பீரோவில் பத்திரத்துக்கு மேல் இருக்கிற அந்த நான்கு சீட்டுகள். என் எழுத்தால் தப்பு வராது என்று ஊர் முன்னால் சொன்ன மனுஷரிடம் போய், தப்பு வந்ததே என் எழுத்தால்தான் என்று சொல்ல வேண்டும்.

அப்பா தோப்பில் காய் பறிக்கிற கவைக்கோலுக்கு வலை கட்டிக்கொண்டிருந்தார். நான் எதையும் விடாமல் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தேன். அவர் முடிச்சை இறுக்கிவிட்டுக் கேட்டார்.

"மரத்தை எண்ணலாம், காயை எண்ணலாம். பாட்டை எப்படிக் கண்ணு எண்ணுனீங்க?"

நீங்கள் சொன்ன முறைதானே என்று வாய் வரைக்கும் வந்தது. அவரே அதைச் சொல்லிவிட்டார், முறையைச் சொன்னது நான், அதில் பாதிப் பழி என்னுது என்று. பிறகு, இனிமேல் தபாலில் வேண்டாம், நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிடு என்றார். எவ்வளவு வைக்கட்டும் என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அறுபத்தி ஒண்ணு."

பாயும் நானும் போனோம். நாலு கம்பிக்காரர் என்னைவிட ஒல்லியாக இருந்தார். மணியார்டர் எழுதினவன் நான்தான் என்றேன். வெற்றிலையைப் பார்த்தார், பணத்தைப் பார்த்தார், சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நிஜத்தைச் சொல்லுங்கோ. நான் வாசிச்சது ஒங்க காதுல விழுந்துதோ?"

பாய் என் கையைக் கிள்ளினார். ஆனால் எனக்குப் பொய் வரவில்லை. "இல்லீங்க. நீங்க பெட்டிக்குக் காவல் நிக்கறீங்கன்னு நினைச்சோம்."

அவர் எழுந்து போய்ச் சுற்றி வைத்த வயரைப் பிரித்தார். மாட்டினார். என் கையைப் பிடித்து அந்தப் பெட்டியின் மேல் வைத்து, கம்பியை ஒரு தட்டுத் தட்டினார். சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் முழங்கைக்கு வந்தது. ரயில்வே காலனியில் அன்று என் நெஞ்சுக்குள் ஏதோ இடித்துக்கொண்டே இருந்ததே, அது சந்தோஷம் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இவர்தான் அது.

மற்ற மூன்று பேரும் வரவில்லை. அவர்கள் வாங்கிய அச்சாரமும் திரும்பி வரவில்லை. நாலு கம்பிக்காரர் மட்டும், வருகிறேன் என்று எங்களிடம் சொன்ன சொல்லுக்குத் தனியாக வந்தார். நோம்பிச் சாயந்திரம், வெயில் இறங்குவதற்குள்ளாகவே மேடையில் பெட்டியை வைத்து நின்று, தும் தும் என்று வாசிக்க ஆரம்பித்தார். ஜனம் மரியாதையாகக் காத்திருந்தது. கால் மணி நேரம் கழித்து முன்வரிசையில் ஒரு பெரியவர், "ஏனுங்க, மைக்கெல்லாம் சரி பார்த்தாச்சுங்களா, எப்பப் பாட ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டார். எனக்கு மேடைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளலாம் போலிருந்தது.

அம்மன் ஊர்வலத்துக்காகப் பம்பைக்காரர்கள் ஓரமாக நின்றிருந்தார்கள். அதில் ஒருத்தருக்குக் குச்சி சும்மா இருக்கவில்லை. தும் என்று வந்ததற்குத் தன் பம்பையில் ஒரு பதில் போட்டார். மேடையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார், வேகத்தைக் கொஞ்சம் கூட்டினார். இரண்டாவது பம்பையும் சேர்ந்தது. அப்புறம் யாரும் எப்போது பாடுவீர்கள் என்று கேட்கவில்லை. கேள்வி கேட்ட பெரியவர் துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். கிளீனர் அன்றோடு டிரம் கட்சியை விட்டார். அப்பா கூட்டத்துக்குப் பின்னால் நின்று, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

கமிட்டி இதில் ஒன்றும் இளகவில்லை. நோட்டீஸில் போட்டது நால்வர், வந்தது ஒருவர், பம்பை எங்களுடையது, ஆகவே ஒரு பைசாவும் தர வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்பா வாதாடவில்லை. யாருடைய தப்பு என்று ஷெட்டில் இன்றுவரை பேச்சு ஓயவில்லை, தரகர் இப்போது தபால் இலாகாவைச் சொல்கிறார். மொத்தம் என்ன ஆச்சு என்று அப்பா என்னைத்தான் கேட்டார், இந்தத் தடவை எழுத வேண்டாம், வாயில் சொல் என்றார். திரும்பாத அச்சாரம் நூற்று நாற்பது, நேரில் வைத்தது அறுபத்தொன்று. கல்யாணத்துக்கு மொய் வைத்த தொகை மாதிரி வந்து நின்றது: இருநூற்றி ஒரு ரூபாய்.