எட்டு மாதக் கறுப்பு

போன சனிக்கிழமை முழுக்க செனாயில் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து, உப்புத்தாளும் இரும்பு நாருமாக ஓர் இரும்புத் தகட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். என்னுடைய பார்பிக்யூ ஹாட் பிளேட்தான் அது. தேய்க்கத் தேய்க்க ஒரே சந்தேகம்... நான் செய்வது சுத்தமா, நாசமா?

விவரம் சொல்கிறேன். என் மகன் கவினுக்குச் சிங்கப்பூரில் வேலை. கூட வேலை பார்க்கும் திவ்யாவைக் கட்டிக்கொள்ள ஆசை. மூவார் ஊர்ப் பெண். எங்களுக்குப் பிடித்துவிட்டது. அவளுடைய அப்பாவும் சரி என்றுவிட்டார். அம்மாதான் பிடி கொடுக்கவில்லை. அவர்கள் மூன்று தலைமுறையாகச் சைவம். நாங்களோ புரட்டாசி எப்போது முடியும் என்று காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பம்!

"அப்பா, அவங்க அம்மா ஓகே சொன்னா எல்லாம் ஓகே லா. ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வர்றாங்க. வெளிய வச்சு பார்பிக்யூ போடுங்க. காளான், பன்னீர், சோளம்... கண்ணு முன்னாடி சமைச்சா நம்பிக்க வரும்" என்றான் கவின்.

நல்ல யோசனை. கெட்டது எங்கே? என் மனைவி மல்லிகா பார்பிக்யூ அடுப்பின் மூடியைத் திறந்து பார்த்த இடத்தில்.

"என்னங்க, இத சுத்தம் பண்ணலையா?"

"போன வாரமே பண்ணியாச்சே."

"கறுப்பா இருக்கு!"

ஹாட் பிளேட் வைத்திருப்பவர்களுக்கு என் வேதனை புரியும். சமைத்து முடித்து, சூடு ஆறுவதற்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சுரண்ட வேண்டும். துடைக்க வேண்டும். மெலிசாக எண்ணெய் தடவிப் புகை வரும்வரை காய்ச்ச வேண்டும். எண்ணெய் கருகிக் கருகிப் படியும் அந்தக் கறுப்புதான் இரும்புக்குக் காவல். துரு பிடிக்காது, எதுவும் ஒட்டாது. எட்டு மாதம் பாடுபட்டு அதை வளர்த்தேன். கவினைக்கூட அவ்வளவு கவனமாக வளர்த்தேனா தெரியாது.

எல்லாவற்றையும் விளக்கினேன். மல்லிகா பொறுமையாகக் கேட்டாள்.

"சரி, அந்தக் கறுப்பு எதுல வந்துச்சு?"

"எண்ணெயில."

"எந்த எண்ணெயில?"

நான் தகட்டைப் பார்த்தேன். எட்டு மாதக் கோழிக் கொழுப்பு. எட்டு மாத ஆட்டுக் கொழுப்பு.

"நீங்க சொல்றது க்ளீன். நான் சொல்றது சுத்தம். ரெண்டும் ஒண்ணா?"

ஒன்றா, இரண்டா? எனக்குத் தலை சுற்றியது. கூட வந்த கையேடு, சோப்பே படக்கூடாது என்கிறது. பெக்கோக்கில் இருக்கும் நண்பரைக் கேட்டால், "சோப்பு போட்டுக் கழுவு, ஒண்ணும் ஆவாது" என்கிறார். வீடியோவில் ஒருவர் பாதி வெங்காயத்தால் தேய்க்கிறார், இன்னொருவர் கல்லுப்பால் தேய்க்கிறார். சம்பந்தியாகப் போகிறவருக்காகத் தேய்ப்பது எப்படி என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

தேய்த்தேன். மாலைக்குள் தகடு பளபளவென்று ஆகிவிட்டது. களைப்பில் எண்ணெய் தடவ மறந்துபோனேன். இரவு நல்ல மழை. ஞாயிறு காலை பார்த்தால் — தகடு முழுக்கச் செந்துரு! மறுபடியும் உப்புத்தாள். முதுகு விட்டுப்போனது.

பதினொரு மணிக்கு அவர்கள் வந்தார்கள். திவ்யாவின் அம்மா அதிர்ந்து பேசாதவர். வணக்கம் சொன்னார், தண்ணீர் குடித்தார், அடுப்புப் பக்கம் வந்து நின்றார். நான் முதல் பன்னீர்த் துண்டைப் போட்டேன். ஒட்டிக்கொண்டது. திருப்பினேன். பாதி மேலே வந்தது, பாதி தகட்டோடு தங்கிவிட்டது.

"இது புதுசா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றாள் மல்லிகா.

"இல்ல" என்றேன் நான்.

இரண்டும் ஒரே நேரத்தில்!

"அலமாக்!" என்று தலையில் கை வைத்தான் கவின்.

அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இனி எதை மறைப்பது? கோழி, ஆடு, உப்புத்தாள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "எங்க வீட்டுல கறி சமைப்போம்மா. அத இல்லேன்னு சொல்ல முடியல" என்றேன். பேசி முடித்த பிறகுதான் பயம் வந்தது. மகனின் கல்யாணத்தை என் வாயாலேயே கெடுத்துவிட்டேனா?

அவர், "கொஞ்சம் இருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு விறுவிறுவென்று கார் பக்கம் நடந்தார். திவ்யாவின் முகத்தில் ரத்தமே இல்லை. அவள் அப்பா செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார். அவ்வளவுதான், கிளம்புகிறார்கள் என்று நினைத்தேன்.

கார் பூட் திறந்தது. ஒரு துணி மூட்டையோடு திரும்பி வந்தார். பிரித்தால் உள்ளே தோசைக்கல். கன்னங்கரேலென்று, வழுவழுவென்று இருந்தது.

"எங்க போனாலும் இது கூடவே வரும்ண்ணே. வந்தவொடனே எடுத்தா தப்பா நெனப்பீங்களோன்னு வெக்கமா போச்சு. அதான் கார்லயே வச்சிட்டேன்."

எனக்குச் சிரிப்பதா, அழுவதா என்றே தெரியவில்லை. ஒரு வார்த்தை முன்பே சொல்லியிருந்தால்? நாங்கள்தான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால்? ஹாட் பிளேட்டைத் துணியால் பிடித்துத் தூக்கி ஓரமாக வைத்தேன். அதன் இடத்தில் அவர் கல் ஏறியது. பன்னீர் ஒட்டவே இல்லை. அவரே சுட்டு எல்லோருக்கும் போட்டார். போகிற போக்கில் என் தகட்டைப் பார்த்து, "எட்டு மாசமா? பாவம் லா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் வீட்டில் யாரும் அதைச் சொல்லவில்லையே!

நான்கு மணிக்குக் கிளம்பினார்கள். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கவின் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். பாத்திரங்களை ஒதுக்கும்போதுதான் பார்த்தோம் — தோசைக்கல் அடுப்பிலேயே இருந்தது.

மல்லிகா பதறிப்போய் போன் போட்டாள். "அக்கா, கல்ல விட்டுட்டுப் போயிட்டீங்களே. கவின்கிட்ட குடுத்து விடட்டுங்களா?"

ஸ்பீக்கரில் அந்த அம்மாவின் குரல் கேட்டது. "வேணாங்க. அங்கயே இருக்கட்டும். திவ்யாவுக்கு வேணுமில்ல?"

கவின் துள்ளிக் குதித்தான். மல்லிகா அழுதாள். நான் மட்டும் அந்தக் கல்லையே பார்த்தபடி நின்றேன்... இதை எதைக் கொண்டு துடைப்பது என்று அவரிடம் யாராவது கேட்டீர்களா?