பலூன்கடைக்காரி கேட்டு வாங்கிய துப்பாக்கி

பொருட்காட்சித் திடலில் பலூன் சுடும் கடை வைத்திருந்தவளை எல்லாரும் பலூன்கடைக்காரி என்றே கூப்பிட்டார்கள். கணவர் அதே திடலில் ராட்டினம் ஓட்டினார். கடையில் நான்கு ஏர்கன். எல்லாமே குழலை மடக்கி ஸ்பிரிங்கை இறுக்குகிற பழைய வகை. எது இடப்பக்கம் இழுக்கும், எது மேலே தூக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒன்று மட்டும் சொன்ன பேச்சு கேட்கும். அதை வாடிக்கையாளர் கையில் கொடுக்கவே மாட்டாள். "கடை நடத்தணுமில்ல?" என்று கண்ணடிப்பாள்.

ஊரை விட்டுத் தள்ளி ஒட்டுச்செடிப் பண்ணை வைத்திருந்த அவள் அண்ணன் ஒருநாள் போனில் புலம்பினான்.

"முயலுங்க கன்னு எல்லாத்தையும் மொட்டையடிச்சிடுச்சு. நீதான் சுடுறதுல பெரிய ஆளாச்சே, வாயேன்."

அவள் சுட்டதெல்லாம் பலூனும் தகர டப்பாவும்தான். உயிருள்ள எதையும் சுட்டதில்லை. ஆனாலும், "விடுமுறையன்னிக்கு வர்றேன்" என்று உடனே சொல்லிவிட்டாள்.

விஷயம் கொழுந்தன் காதுக்குப் போனது. அவன் வெல்டிங் பட்டறைக்காரன். அப்போதுதான் புதிதாக ஒரு ஏர்கன் வாங்கியிருந்தான். அதில் குழல் அசையாது. அடியில் இருக்கும் கம்பியை இழுத்துத்தான் ஸ்பிரிங்கை இறுக்க வேண்டும். பார்க்க இரும்புக் கடப்பாரை போல இருக்கும்.

"உங்க பலூன் துப்பாக்கிய வெச்சு முயலுக்குக் காது வேணா குத்தலாம் அண்ணி. நானும் வர்றேன்."

பண்ணைச் சுவரில் டப்பாக்களை அடுக்கினார்கள். கடையிலிருந்து கொண்டுவந்த நல்ல துப்பாக்கியை அவள் மடக்கினாள், சுட்டாள், டப்பா விழுந்தது. மறுபடி மடக்கினாள், சுட்டாள், அதுவும் விழுந்தது. கொழுந்தன் சுட்டதில் சுவர்தான் பெயர்ந்தது. அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"கடைக்காரன் என் தலையில கட்டிட்டான் அண்ணி. துப்பாக்கி சரியில்ல."

"துப்பாக்கி மேல ஏன் பழி போடுற? கழுத்தை நெரிக்கிற மாதிரிப் பிடிச்சிருக்கே. ஸ்பிரிங் பாயறப்ப அது முன்னாலயும் பின்னாலயும் உதறும் தம்பி. உதறிட்டுப் போகட்டும்னு விட்டுடணும். உள்ளங்கையில சும்மா படுக்க வை."

அவன் துப்பாக்கியை வாங்கிச் செய்து காட்டினாள். டப்பா விழுந்தது மட்டுமல்ல, குண்டு இரண்டு பக்கத் தகரத்தையும் துளைத்துக்கொண்டு போயிருந்தது. அதே மாதிரி டப்பாவைத் தன் துப்பாக்கியால் சுட்டுப் பார்த்தாள். முன்பக்கம் ஓட்டை, பின்பக்கம் வெறும் ஒடுக்கு. டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள் கொழுந்தன் பக்கம் திரும்பினாள்.

"டப்பாவுக்கு என்னோடது போதும். நாள் முழுக்கச் சுட்டாலும் கை வலிக்காது. முயலுக்கு உன்னோடதுதான் வேணும். கொடுக்கிறியா?"

"உங்களோடதுதான் குறி தப்பலையே அண்ணி?"

"குறி தப்பாது. ஆனா அடி பத்தாம ஓடிப்போய் எங்கயாவது கிடந்து துடிச்சா? ஒரே அடியில போகணும். இல்லேன்னா சுடவே கூடாது."

அவன் துப்பாக்கியை நீட்டினான்.

மதியம் முழுக்க அந்தக் கடப்பாரையோடு மல்லுக்கட்டினாள். தோள் விண்விண் என்று தெறித்தது. ஒரு அட்டையில் சின்ன மூடி அளவு வட்டம் வரைந்து, அதைத் தள்ளித் தள்ளி வைத்து, எல்லாக் குண்டும் அதற்குள் விழுகிறதா என்று பார்த்தாள். அப்படி விழுந்த கடைசித் தூரத்தில் ஒரு பூந்தொட்டியை வைத்தாள். அதற்கு இந்தப் பக்கம் வந்தால்தான் முயல். அந்தப் பக்கம் நின்றால் அது வெறும் வேடிக்கை.

வெயில் இறங்கியதும் ஒன்று வந்தது. தொட்டிக்கு அப்பால் உட்கார்ந்து ஒட்டுக்கன்றை ஒய்யாரமாகக் கடித்தது.

"சுடு, சுடு" என்று அண்ணன் பல்லைக் கடித்தான்.

"பேசாம இரு."

முயல் நிதானமாகத் தாவித் தொட்டியைத் தாண்டி வந்து தலையைத் தூக்கியது. துப்பாக்கி அவள் உள்ளங்கையில் ஒருமுறை உதறியது. முயல் இருந்த இடத்திலேயே சாய்ந்தது. காலைக்கூட உதைக்கவில்லை.

அண்ணன் குதித்தான். அவள் தானே போய் அதைத் தூக்கினாள். இன்னும் சூடு ஆறவில்லை. நெஞ்சு கனத்தது, ஆனால் செய்தது தப்பென்று தோன்றவில்லை. அண்ணன் மனைவி வைத்த முயல் குழம்பை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

கை கழுவியதும் அண்ணனைப் பிடித்துக்கொண்டாள்.

"வாராவாரம் வந்து நான் காவல் காக்க முடியாது. கம்பி வலை போடு. அடிப்பக்கத்தை மண்ணுல புதைச்சுப் போடு, இல்லேன்னா தோண்டிக்கிட்டு வரும்."

"அதுக்கு ஆள் வேணுமே?"

"ஆளா இல்ல? இதோ பட்டறையே பக்கத்துல உக்காந்திருக்கு."

முயல் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்த கொழுந்தன் தலையாட்டினான். சொன்னபடி வலையும் கதவும் போட்டுக் கொடுத்தான். கன்றுகள் மறுபடி துளிர்த்தன. முயல்கள் வேலிக்கு வெளியே புல் மேய்ந்தன.

வேலி வேலை முடிந்தும் கொழுந்தன் பண்ணைக்குப் போவதை நிறுத்தவில்லை. ஒரு சாயங்காலம் கடையில் பலூன் ஊதிக்கொண்டிருந்தவளுக்கு போன் வந்தது. தகரம் அதிரும் சத்தம், அப்புறம் அவன் கத்தல்.

"கேட்டுச்சா அண்ணி?"

"கேட்டுச்சு. டப்பாவை இன்னும் கொஞ்சம் தள்ளி வை" என்று சொல்லிவிட்டு அடுத்த பலூனை எடுத்தாள்.