தேன் நிறச் சாடி

நோபல் பார்க் என்ற புறநகருக்கு அப்பால் ஒரு தகரக் கொட்டகையில் எனக்குக் களிமண் பிசையும் வேலை. முதலாளி இங்கிலாந்தில் இருந்து வந்த வயதான குயவர். அந்த நாட்டுப் பழைய முறையில்தான் செய்வார். செம்மண் தட்டில் வெள்ளைக் களிமண் கூழைப் பிதுக்கிக் கோடு போட்டு, இறகால் இழுத்து அலை அலையாக்குவார். மேலே காரீயம் கலந்த கண்ணாடி மெருகு. சூளையில் இருந்து எடுத்தால் எல்லாம் தேன் நிறம். அந்த நிறத்தைத் தவிர அவருக்கு உலகத்தில் வேறொன்றும் இருக்கவில்லை. நாங்கள் இருவரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கும் அதுதான் வசதி.

ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு மூடியோடு ஒரு சாடி தந்தார். என் மனைவி அதில் புளிப்பான தேசிக்காய் ஊறுகாய் போட்டாள். எங்கள் ஆட்கள் வேறு எதைப் போடுவார்கள்?

ஈஸ்டர் விடுமுறையில் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டோம். சாடியைத் திறந்தவர் கரண்டியால் ஊறுகாயை ஒதுக்கி உள்ளே பார்த்தார். மினுக்கம் போய்ச் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறிக் கிடந்தது.

“உங்கட சாப்பாடு சட்டியையும் சேர்த்தெல்லோ தின்னுது!” என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. எழுந்துபோய் எல்லாவற்றையும் குப்பைத் தொட்டியில் கவிழ்த்தார்.

“இஞ்சாருங்கோ, இந்தாளுக்கு விசரே? எவ்வளவு பாடுபட்டு வெயிலில காயவைச்சனான்!” என்றாள் மனைவி, தமிழில்.

“பேசாமல் இரும்,” என்றேன்.

புளிப்பில் காரீயம் கரைந்திருக்கிறது, அது நஞ்சு என்றார் முதலாளி. நன்றாகச் சுட்டால் கரையாது என்றுதான் அவர் இவ்வளவு காலமும் நம்பியிருந்தார். எங்கள் இரத்தத்தைச் சோதித்த டாக்டர் பயமில்லை என்றார். முதலாளிக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை. கொட்டகை அலுமாரியில் இருந்த கோப்பை, கிண்ணம் எல்லாவற்றிலும் புளிப்பான வினாகிரி ஊற்றி வைத்தார். எல்லாம் வெளிறின. கொட்டகைக்குப் பின்னால் வைத்து ஒவ்வொன்றாக உடைத்தார்.

அடுத்து வந்த குளிர்காலம் முழுக்கக் காரீயம் இல்லாத மெருகு செய்து பார்த்தார். சூளையைத் திறக்கும்போதெல்லாம் தேன் நிறம் இல்லை.

“கக்கூஸ் கோப்பை மாதிரிக் கிடக்கு,” என்றார் ஒருநாள். மறுநாள், இனிக் களிமண் பிசைய வேண்டாம் என்றார்.

டாண்டினோங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்ததும் சொல்லிக்கொள்ளப் போனேன். உடைக்காமல் வைத்திருந்த பழைய கோப்பையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். வாசல் மரத்தில் பறித்த எலுமிச்சையின் துண்டொன்று அதில் மிதந்தது.

“அதில குடிக்கலாமோ?” என்று கேட்டேன்.

“இந்த வயசில எனக்கென்ன, ஆறுதலா, மெல்ல மெல்லத்தானே தின்னும்.”

 கோப்பை காலியானது. கேத்தலை எடுத்து இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.