கடிக்குது

அப்பாவின் பழைய பனியனில் அம்மா தைத்த இரண்டு சின்னக் கையுறைகள் இன்னும் எங்கள் பீரோவில் இருக்கின்றன. விரல் பிரிவு கிடையாது, மணிக்கட்டில் நாடா. எத்தனை முறை துவைத்தும் நுனியில் அந்தப் பழுப்புக் கறை போகவில்லை. தங்கச்சி பிறந்ததிலிருந்தே கல்லீரல் சரியில்லாதவள். ஆறு வயதில்தான் அது ஆரம்பித்தது.

“கடிக்குதும்மா” என்பாள். நாங்களும் மக்கு மாதிரி எறும்பைத் தேடினோம். பெங்களூரில் எங்கள் பொம்மனஹள்ளி வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் மருந்தடித்தோம். ஒரு பூச்சியும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பரக் பரக்கென்ற சத்தம் மட்டும் நிற்காது. ரத்தம் வரும்வரை சொறிவாள். கையுறை மாட்டிய பிறகு அம்மாதான் பக்கத்தில் படுத்துத் தேய்த்துவிடுவாள். “உள்ளதான் இருக்குதுங்க, அக்கா” என்று ஒருநாள் தங்கச்சி என் காதில் சொன்னாள்.

டாக்டரம்மாவிடமும் பூச்சிக்கடி என்றே சொன்னோம். அவர் எங்களை விட்டுவிட்டு அவளைக் கேட்டார்: “மை கடியுத்தா, புட்டி?” தலையாட்டினாள். கன்னடத்தில் மை என்றால் உடம்பு; அது அரித்தால் கடிக்கிறது என்றுதான் சொல்வார்கள். தெருப் பிள்ளைகளிடம் கற்றதை எங்களிடம் தமிழாக்கிச் சொல்லியிருக்கிறாள், பாவி மகள்.

எந்த மருந்துக்கும் அடங்காமல் கடைசியில் டயாலிசிஸ் என்றார்கள். கிட்னி நன்றாகத்தானே இருக்கிறது என்று அப்பா பயந்தார். கல்லீரல் வெளியேற்றாத கழிவு ரத்தத்திலேயே தங்கி இப்படி அரிக்கிறது, இந்த மெஷின் அதை இழுத்துவிடும், தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் இளைத்தால் கல்லீரல் மாற்று ஆபரேஷனைத் தாங்க மாட்டாள் என்றார் டாக்டரம்மா.

குழாயில் அவள் ரத்தம் வெளியே போய்த் திரும்பி வந்தது. மறுநாள் மத்தியானம் கைகள் ஓய்ந்தன. அந்த அமைதி சத்தத்தைவிட மோசம். அம்மா அவள் மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். கண் விழித்ததும் தங்கச்சி சொன்னாள்: “வெளிய போயிடுச்சுங்க, அக்கா. கதவுகிட்ட நிக்குதுங்க.”

திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. ஆனால் சில வாரத்தில் அவை திரும்பி வந்தன. மறுபடி மெஷின், மறுபடி போயின. அம்மாவின் கல்லீரலில் ஒரு துண்டை அவளுக்கு வைக்கும்வரை இதே கதைதான்.

இப்போது தங்கச்சி பதினேழு வயதில் பி.யூ.சி. படிக்கிறாள், ஹாஸ்டலில் கும்பகர்ணி என்று பேர். போன ஞாயிறு மத்தியானம் வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். சுவருக்கு அந்தப் பக்கம் பரக் பரக்கென்றது. ஓடினேன். அம்மா நல்ல தூக்கத்தில் இருந்தாள். அவள் கை மட்டும் பக்கத்தில் தங்கச்சி படுக்கும் காலிப் பாயைத் தேய்த்துக்கொண்டிருந்தது. கண் திறக்காமலே கேட்டாள்:

“போயிடுச்சுங்களாடி?”

“போயிடுச்சும்மா.”

கையுறைகளை எடுத்து வந்து அவள் கைக்குக் கீழே வைத்தேன். சத்தம் நின்றது. கதவை மட்டும் நான் திரும்பிப் பார்க்கவில்லை.