கூரைத் தாங்கித் தண்ணீர்

வவுனியாவில் பிலிம் கழுவித் தந்த கடைகள் இப்போது கைத்தொலைபேசிக்குக் கண்ணாடி ஒட்டுகின்றன. அதனால் முள்ளியவளையில், என் வீட்டுக் குளியலறையில், நானே கழுவுகிறேன். ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியன். மருந்தின் அளவும் சூடும் நேரமும் பிசகாதவன் என்று ஊரில் பெயர்.

எங்களுக்கு மீன் கொண்டுவரும் கரையோரத்து அம்மா போன வருடம் ஒரு கறுப்பு வெள்ளைச் சுருளைத் தந்தார். மன்னாரில் தமக்கை வீட்டில் கிடந்த கமராவுக்குள் இருந்ததாம். மகள் மாதா கோயிலில் முதல் நன்மை வாங்கிய அன்று கணவர் எடுத்தது. கணவரும் மகளும் யுத்தத்தின் கடைசி மாதங்களில் செத்துப்போனார்கள். மகளின் படம் ஒன்றுகூட அவரிடம் இல்லை.

"கொழும்புக்கு அனுப்புவமோ மாஸ்டர்?"

"ஏன், என்னிலை நம்பிக்கை இல்லையே?"

"ஐயோ, அப்பிடிச் சொல்லேல்லை. வெக்கைக்கு ஐஸ் வேணுமெண்டால் மீன் பெட்டியிலை கிடக்கு. தந்திட்டுப் போறன்."

"மீன் நாத்தத்தோடையோ? கொண்டு போங்கோ."

பிலிமின் மேல் படம் பதியும் படலம் சூட்டில் இளகிவிடும். வழக்கமாகக் கிணற்றுத் தண்ணீரில் ஐஸ் போட்டுத்தான் அலசுவேன். அன்று அள்ளச் சோம்பல்பட்டு, பிற்பகல் இரண்டு மணிக்கு, கூரையில் வெயிலில் காயும் தண்ணீர்த் தாங்கியின் குழாயைத் திறந்துவிட்டேன். தண்ணீர் கையைச் சுட்டது. சுட்டும் நான் மூடவில்லை.

சுருளை உயர்த்தியபோது முக்காட்டோடு ஒரு சிறுமி தெரிந்தாள். கையில் மெழுகுதிரி. ஈரத்தை வழிக்க விரலால் இழுத்தேன். அவள் முகம் சளிபோல் வழன்று என் விரலோடு வந்தது. மற்றப் படங்களும் அப்படியே. அந்தக் கொழகொழப்பைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன்.

மூன்றாம் நாள் அவர் வந்தார்.

"படம் ஒண்டும் விழேல்லையம்மா," என்றேன்.

மீன் பெட்டியை இறக்கி வைத்தார். பிறகு சிரித்தார்.

"அந்த மனுசன் கமரா மூடியைக் கழட்டாமல் எடுத்திருக்கும். ஒரு வேலை உருப்படியாச் செய்யாது. அந்தாளை நம்பிக் கமராவைக் குடுத்தன் பாருங்கோ!"

என் மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

இப்போதும் கிழமையில் இரண்டு நாள் வருகிறார். மூடிக் கதையை மனைவியிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஒவ்வொரு முறையும் செத்த மனிதருக்கு ஏச்சு விழுகிறது. உண்மையைச் சொன்னால் அவர் மகளை இன்னொரு முறை இழப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அதுவும் பொய். என்னை அவர் மாஸ்டர் என்று கூப்பிடாமல் விட்டுவிடுவார் என்பதுதான் பயம்.